வலக் கன்னத்தில் விட்ட வெள்ளை

அப்பாவின் படத்தைப் புனிதா முடிக்காமல் விட்டுவிட்டாள் என்றுதான் எங்கள் குடும்பத்தில் எல்லோரும் நம்பினோம். புனிதா என் தங்கை. சென்னையில் ஓவியம் படிக்கப் போனவள், பட்டின் வண்ணங்களைப் பார்க்க வந்த இடத்தில் ஏகாம்பரம் என்ற நெசவாளரைக் கண்டு, காஞ்சிபுரத்திலேயே வாழ்க்கைப்பட்டுத் தங்கிவிட்டாள். பதினேழு ஆண்டுகளுக்கு முன்பு, கடல் கடந்து இருக்கும் எங்கள் ஊரான ஈப்போவில் அப்பா படுக்கையிலிருந்த கடைசி மாதத்தில் வந்து அவருடன் இருந்தாள். அப்போது நீர்வண்ணத்தில் அவரை வரைந்தாள். முகத்தின் இடப் பக்கம் அப்படியே அப்பா: நரைத்த புருவம், ரயில்வேயில் வேலை பார்த்த காலத்தில் தாடையில் விழுந்த தழும்பு. வலப் பக்கத்தில், நெற்றியிலிருந்து கன்னம் வரை, வெறும் தாள். அந்தப் பக்கத்துக்கு ஓர் எல்லைக் கோடுகூட இல்லை. அழுகையில் நேரம் கிடைத்திருக்காது, பாவம், என்று பேசிக்கொண்டோம்.

கருமாதியன்று அந்தப் படத்துக்குத்தான் மாலை போடுவதாக ஏற்பாடு. முதல் நாள் பெரியப்பா வந்து பார்த்துவிட்டு, முகம் பாதி இல்லாத படத்துக்கு மாலை சாத்தக் கூடாது, போகிற உயிருக்கு அது ஆகாது என்றார். புனிதா கடைக்குப் போயிருந்தாள். நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. மாணவர்களின் வண்ணப் பெட்டி ஒன்று என் மேசையில் இருந்தது. பழுப்பையும் ரோஸையும் குழைத்து, அரை மணி நேரத்தில் அப்பாவின் கன்னத்தை நிரப்பினேன். பொருத்தமாக இருப்பதாகவே எல்லோரும் சொன்னார்கள்.

புனிதா திரும்பி வந்து பார்த்தாள். வாங்கி வந்ததை அடுப்படியில் எடுத்து வைத்தாள். கருமாதி முடிந்த மூன்றாம் நாள் காஞ்சிபுரத்துக்குக் கிளம்பினாள். அதன் பிறகு ஈப்போவுக்கு வரவே இல்லை. புருஷன் வீட்டில் அனுப்ப மாட்டார்கள் போலிருக்கிறது என்று அதற்கும் ஒரு காரணத்தை நம்பினோம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தொலைபேசியில் இரண்டிரண்டு வாக்கியங்கள், அவ்வளவுதான்.

பணி ஓய்வுக்குப் பின், சென்ற ஆண்டு, பொழுதைப் போக்க ஒரு நீர்வண்ண வகுப்பில் சேர்ந்தேன். முதல் பாடத்திலேயே சீன ஆசிரியை எங்கள் பெட்டிகளிலிருந்த வெள்ளைக் குழாய்களை எடுத்துத் தனியே வைத்துவிட்டார். "வெள்ளை என்பது தாள்தான். வெளிச்சம் வேண்டிய இடத்தைத் தொடாமல் விடுங்கள். தொட்டுவிட்டால் அது திரும்பி வராது" என்றார். அன்று வீட்டுக்கு வந்து, அப்பாவின் படத்துக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சுவரிலிருந்து அதை இறக்க எனக்கு நான்கு மாதம் ஆயிற்று.

பக்கத்து வீட்டு லெட்சுமியின் மகளுக்குக் கல்யாணப் பட்டு எடுத்து வரப் போகிறேன் என்பது ஊருக்குச் சொன்ன காரணம். பெட்டியின் அடியில், இரண்டு அட்டைகளுக்கு நடுவே, அப்பா இருந்தார்.

காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் இறங்கியபோது ஐப்பசி மழை தூறிக்கொண்டிருந்தது. ஆட்டோக்காரர் என் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பட்டாமா, பல்லியாமா?"

"தங்கச்சி வீடு. ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு."

"ஏறுங்கமா."

வண்டி போய்க்கொண்டே இருந்தது. ஏகாம்பரநாதர் கோபுரம் கண்ணில் படவே இல்லை. கடைசியில் நின்ற இடம் ஊரின் மறுகோடி, வரதராஜப் பெருமாள் கோயில் வாசல்.

"நான் சொன்னது ஏகாம்பரநாதர்" என்றேன்.

"தெரியும்மா. வெளிநாட்லேர்ந்து வர்றவங்க, பல்லியைக் காட்டலன்னு அப்புறம் என்னாண்ட கோச்சிக்கிறாங்க. நாலு மணிக்குத் தொறந்துடுவாங்க. தங்கப் பல்லியும் வெள்ளிப் பல்லியும் ஒரு தபா தொட்டுட்டா பண்ண பாவமெல்லாம் போயிடும். தங்கச்சி வூடு எங்க ஓடிப் போவப் போவுது?"

ஈப்போவில் வாடகை வண்டிக்காரர்கள் சொன்ன இடத்தில் இறக்கிவிடுவார்கள். என் பாவங்களைப் பற்றி இதுவரை ஒருவரும் கவலைப்பட்டதில்லை. மழைக்கு ஒதுங்கிக் கடையில் தேநீர் குடித்தோம். சின்னக் கண்ணாடி டம்ளர்; எங்கள் ஊர்க் கோப்பியில் பாதி அளவு, இரண்டு மடங்கு சூடு. மணி மூன்றுதான் ஆகியிருந்தது.

"பாவம் இருக்கட்டும், வண்டியை எடுங்க" என்றேன்.

"அப்போ சின்னப் பாவம் போலருக்குது" என்று சொல்லிக்கொண்டே அவர் வண்டியைக் கிளப்பினார்.

தெருவின் இரு பக்கமும் தறிச் சத்தம். புனிதா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மூக்குக் கண்ணாடி புதிது. என்னைவிட எட்டு வயது இளையவளுக்கு என்னைவிட அதிகமாக நரைத்திருந்தது. "மெலிஞ்சிட்டக்கா. உள்ள வா, பொட்டி நனையுது" என்றாள். ஏகாம்பரம் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து கைகூப்பினார்.

"வாங்க அண்ணி. பதினேழு வருசம் கழிச்சாவது வழி தெரிஞ்சுதே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சிரிப்பும் உண்மை, சொன்னதும் உண்மை. அன்று பெட்டியைத் திறந்து பிஸ்கட் டின்னையும் கோப்பித் தூளையும் மட்டும் எடுத்துக் கொடுத்தேன். அட்டைகளைத் தொடவில்லை.

மறுநாள் காலையில், "பசியாறலாமா?" என்று கேட்டேன். ஈப்போவில் காலை உணவு உண்பதற்கு அதுதான் சொல். "இன்னாது?" என்றார் ஏகாம்பரம். புனிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இந்த வார்த்தையைக் கேட்டு எவ்ளோ நாளாச்சு" என்றாள். அவள் பேச்சு மாறிப்போயிருந்தது. 'இருக்குது' என்கிறாள், 'வந்துக்கினு' என்கிறாள். என் வீட்டில் பிறந்த குரல், என் வீட்டில் இல்லாத சொற்களைப் பேசிக்கொண்டிருந்தது.

மந்தாரை இலையில் வேகவைத்த கோயில் இட்லியை ஏகாம்பரம் வாங்கி வந்திருந்தார். நம் இட்லியின் வெண்மையும் மென்மையும் அதற்கில்லை. மிளகும் சீரகமும் சுக்கும் தெரிய, பழுப்பேறி, கனமாக இருந்தது. ஒரு துண்டிலேயே வயிறு நிறைந்துவிட்டது. வெளியில் மழை விடவில்லை. புடவையின் நீளவாட்டு நூலுக்குப் பாவு என்று பெயர்; அதைக் கஞ்சியில் தோய்த்து, தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் காயவைப்பது இங்கே வழக்கம். மூன்று நாளாகத் தெருவில் ஒரு பாவும் இல்லையாம்.

லெட்சுமி கேட்டது மயில் கழுத்து நிறம். ஏகாம்பரத்தின் தறியிலேயே அது ஓடிக்கொண்டிருந்தது. நெய்து சுருட்டிய பகுதியை அவர் விரித்துக் காட்டினார். நேராகப் பார்த்தால் நீலம். சற்றே சாய்த்தால் பச்சை.

"பாவு நீலம், குறுக்க போவற ஊடை பச்சை. ரெண்டும் கலக்கல அண்ணி. ஒண்ணு மேல ஒண்ணு போவுது. அதான் திருப்பிப் பார்த்தா வேற மாரி இருக்குது" என்றார்.

கைபேசிப் படத்தில் இரண்டில் ஒரு நிறம்தான் விழும். அதனால் புடவை கேட்பவர்களுக்கு அனுப்ப, சிறு தாள்களில் புனிதா நீர்வண்ணத்தால் அந்த நிறத்தை வரைந்து வைக்கிறாள். லெட்சுமிக்கும் ஒன்று வரைய உட்கார்ந்தாள். நானும் உதவுகிறேன் என்று ஒரு தூரிகையை எடுத்து நீலத்தையும் பச்சையையும் தட்டில் குழைத்தேன். பள்ளிக்கூடச் சுவரின் நிறம் வந்தது.

"கலக்காதக்கா. நீலத்தைத் தண்ணியா விட்டுக் காய விடணும். நல்லாக் காஞ்சப்புறம் மேல பச்சை. அப்போதான் அடியில இருக்கறதும் தெரியும்."

"எவ்வளவு நேரம்?"

"மழை நாளு. மத்தியானம் ஆவும்."

அவள் அடுப்படிக்குப் போயிருந்தபோது நான் என் தாளைத் தொட்டுப் பார்த்தேன். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. பச்சையை இட்டேன். தாளுக்குள் ஈரம் மிச்சமிருந்திருக்கிறது. புதிய நீர் பழைய நீலத்தைத் தள்ளிக்கொண்டு போய், ஓரங்களில் பூக்கோசுபோல் வெடித்து விரிந்தது. புனிதா வந்து அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"அக்காவுக்கு எப்பவும் அவசரம்" என்றாள்.

குரலில் கோபம் இல்லை. கோபமிருந்திருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அன்று மீதிப் பொழுது முழுவதையும் அந்த ஒரு வாக்கியத்தோடு கழித்தேன்.

மூன்றாம் நாள் வானம் சற்று வெளுத்தது. புனிதா வாரம் ஒருமுறை கைலாசநாதர் கோயிலுக்குப் போய் வரைவாளாம், என்னையும் அழைத்தாள். வழியில் தேங்கிய நீரில் ஆட்டோ நின்றுபோயிற்று. இருவரும் இறங்கி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தள்ளினோம். மழைக் காலையில் அப்பாவின் மோட்டார் சைக்கிளை இப்படித்தான் தள்ளுவோம், அவர் முன்னால் உட்கார்ந்துகொண்டு இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்பார். அது இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்திருக்க வேண்டும். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் தள்ளினோம்.

அந்தக் கோயிலின் கல், மணற்கல். மழையும் வெயிலும் அரித்து, யாளிகளின் முகங்கள், கண் எது, பல் எது என்று தெரியாதபடி சொரசொரத்துக் கிடக்கின்றன. அந்தச் சொரசொரப்பை எப்படி வரைவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மேடுபள்ளமுள்ள தடித்த தாளை எடுத்தாள். தூரிகையைத் துணியில் ஒற்றி ஏறக்குறைய உலர்த்தி, படுக்கவைத்துத் தாளின் மேல் மெல்ல இழுத்தாள். மேடுகளில் மட்டும் பழுப்பு ஒட்டியது. பள்ளங்கள் வெள்ளையாகவே நின்றன. ஒரே இழுப்பில் கல் வந்துவிட்டது. நிழலுக்குக் கறுப்பை எடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். ஊதா கலந்த நீலத்தை எடுத்தாள்.

"கறுப்பு போட்டா ஓட்டை வுழுந்த மாதிரி இருக்கும்கா. நிழலுக்குள்ளயும் வெளிச்சம் இருக்குது."

வரைந்து முடித்ததும், பிராகாரத்தைச் சுற்றியுள்ள சிற்றறைகளில் ஒன்றுக்கு என்னைக் கூட்டிப்போனாள். உள்ளே சுவரில் பழைய ஓவியத்தின் மிச்சம். ஒரு முகத்தின் பாதி, ஒரு கண், உதட்டின் வளைவு. மீதி வெறும் சுண்ணாம்பு. பக்கத்தில் நின்ற ஒரு தெலுங்குக் குடும்பத்து அம்மாள் தன் கணவரிடம் எதையோ அலுத்துக்கொண்டார். புனிதாவுக்குத் தறிக்காரர் வீடுகளில் பழகிய தெலுங்கு உண்டு.

"இவ்ளோ பெரிய கோயில்ல ஒரு பெயிண்டர வெச்சு இதை முடிச்சுடக் கூடாதான்னு கேக்கறாங்க" என்றாள். அவர்கள் நகர்ந்த பிறகு, சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல், "யாரும் முடிக்கல பாரு. இத்தனை வருசமா விட்டு வெச்சிருக்காங்க" என்றாள்.

ஒத்திகை பார்க்காத பேச்சு ஒன்று என் வாயில் வந்தது. "எனக்கு அப்போ தெரியாது, புனிதா. நீ முடிக்கலன்னுதான் நினைச்சேன்" என்றேன்.

"என்னைக் கேட்டிருக்கலாம். கடைக்குத்தான போயிருந்தேன்."

"பெரியப்பா வந்து..."

"பெரியப்பா சொன்னாரு. பிரஷ் யாரு கையில இருந்துது?"

வெளியில் மீண்டும் தூறத் தொடங்கிவிட்டது. சிற்றறையில் இருவர் நிற்கத்தான் இடம். சுவரைப் பார்த்தபடியே அவள் பேசினாள்.

"காலையில ஏழு மணிக்கு ஜன்னலைத் தொறக்கச் சொல்லுவாரு, ஞாபகம் இருக்குதா? வெயில் வந்து அந்தப் பக்கத்துல வுழும். பத்து நிமிசம்தான். அப்போ கன்னம் எங்க முடியுது, ஜன்னல் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாது. நாலு நாள் அந்தப் பத்து நிமிசத்துக்காகக் காத்துக்கினு இருந்தேன். மீதி மூஞ்சியெல்லாம் அதுக்காகத்தான் வரைஞ்சேன்கா."

ஜன்னலைத் திறந்தவள் நான். தினமும் பள்ளிக்குக் கிளம்புமுன் அந்தக் கண்ணாடிப் பலகைகளைத் திருப்பிவிட்டது என் கைதான். திறந்துவிட்டு, படுக்கைப் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல், புத்தகப் பையை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

"படம் இப்போ எங்க இருக்குது?" என்று கேட்டாள்.

"உன் வீட்ல. என் பெட்டியில."

அவள் சுவரிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு தூரிகைகளைத் துணியில் சுற்றினாள். "வா, சாப்ட்டுட்டுப் பாக்கலாம்" என்றாள்.

அன்று கீரைக் கடைசலும் அப்பளமும். எதன் ருசியும் எனக்குத் தெரியவில்லை. சாப்பிட்டதும் அட்டைகளைப் பிரித்து அப்பாவை மேசைமேல் கிடத்தினேன். புனிதா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, நான் நிரப்பிய இடத்தின் மேல் முகத்தைத் தாழ்த்தி வெகுநேரம் பார்த்தாள். சுத்தமான நீரால் அந்த இடத்தை நனைத்து, ஊறவிட்டு, பழைய பருத்தித் துணியால் ஒற்றினாள். தேய்க்கவில்லை, ஒற்றினாள். பழுப்பு துணியில் ஏறியது. இரண்டாம் முறையும் வந்தது. பழுப்பு போனதும் அடியிலிருந்த ரோஸ் தெரிந்தது. அது வரவில்லை.

"ஸ்கூல் பொட்டி ரோஸ். தாளுக்குள்ள எறங்கிடுச்சு."

ஏகாம்பரம் தறியை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். "சாயம் ஏறினா ஏறினதுதாம்மா. பட்டா இருந்தா இன்னா, தாளா இருந்தா இன்னா" என்றார். புனிதா நிமிர்ந்து பார்த்த பார்வையில் வந்த வழியே போய்விட்டார்.

நான்காம் முறை ஒற்றியபோது தாளின் மேற்பரப்பு நூல் நூலாக எழும்பியது. அவள் கையை எடுத்துவிட்டாள்.

"இதுக்கு மேல எடுத்தா அப்பா கிழிஞ்சிடுவாரு."

வலக் கன்னத்தில் ஓர் இளஞ்சிவப்பு தங்கிவிட்டது, யாரோ அறைந்துவிட்டுப் போனதைப்போல. "மன்னிச்சிடு, புனிதா" என்றேன். அவள் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள். "தண்ணி மாத்திக்கினு வாக்கா" என்றாள். போய் மாற்றிக்கொண்டு வந்தேன்.

புதிதாக ஒன்று வரைந்துவிடலாமே என்று நான்காம் நாள் காலையில் கேட்டேன். கேட்கக் கூடாததுதான். அவள் சற்று யோசித்துவிட்டு, "மூஞ்சி மறந்துக்கினே வருதுக்கா. வெளிச்சம் மட்டும் அப்படியே இருக்குது. அதை மட்டும் வெச்சுக்கினு இன்னா வரையறது?" என்றாள். பிறகு ஒரு வழி சொன்னாள். போன வெளிச்சத்தைக் கொண்டுவர முடியாது. பக்கத்திலிருக்கும் நிழலை ஆழமாக்கலாம். நிழல் ஆழமானால், கெட்டுப்போன கன்னமும் கொஞ்சம் வெளிச்சமாகத் தெரியும்.

இடப் பக்கத்து முகத்தின் மேலும், தலைக்குப் பின்னாலிருந்த சுவரின் மேலும் ஊதா நீலத்தை மிக மெல்லியதாகப் பூசினாள். ஒரே பூச்சில் ஆழமாக்கினால் சேறாகிவிடுமாம். மூன்று, நான்கு பூச்சு. ஒவ்வொன்றும் நன்றாகக் காய வேண்டும். மழையோ மறுபடி பிடித்துக்கொண்டது. ஏகாம்பரம் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார்.

"எங்க வூட்ல ரெண்டு தொழிலு அண்ணி. ரெண்டுக்கும் வெயில் வேணும். ஜோசியக்காரன் பொருத்தம் பாக்கச் சொல்ல இதை மட்டும் பாக்காம வுட்டுட்டான்."

புனிதா சிரித்தாள். நானும் சிரித்தேன். மின்விசிறியைப் பக்கத்தில் திருப்பி வைக்கலாமா என்ற கேள்வி என் நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. படத்தின் இரு பக்கமும் உட்கார்ந்து, ஈரத்தின் பளபளப்பு மங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா அந்தத் தழும்பைப் பற்றி அவளிடம் ஒரு கதையும் என்னிடம் வேறொரு கதையும் சொல்லியிருந்தார் என்பது அன்றுதான் தெரிந்தது. எது நிஜம் என்று சொல்ல இனி ஆளில்லை.

ஐந்தாம் நாள் காலையில் நான் கிளம்ப வேண்டும். விடிந்ததும் புனிதா மூன்றாம் பூச்சை இட்டிருந்தாள். குளித்துவிட்டு வந்து பார்த்தேன். இடப் பக்கம் வெகுவாக இருண்டிருந்தது. கன்னத்துச் சிவப்பு இப்போது அறைந்த சிவப்பாகத் தெரியவில்லை. வெயில் சாயும் நேரத்துச் சிவப்பாகத் தெரிந்தது. காலை ஏழு மணி வெயிலில் இருந்த அப்பாவுக்குச் சாயங்காலம் ஆகிவிட்டிருந்தது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவள் காத்திருந்த பத்து நிமிடம் அது இல்லை.

"இன்னும் ஒரு கோட் வேணும்" என்றாள். "இதுவே காயல. இப்போ எடுத்துக்கினு போனா அட்டையில ஒட்டிக்கும்."

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. நான் படத்தைப் பார்த்தேன். கைகள் அட்டைகளை எடுக்கத் தயாராகத்தான் இருந்தன.

"இருக்கட்டும். காயட்டும்" என்றேன்.

புனிதா என் தோளில் விழுந்திருந்த ஈரக் கூந்தலை ஒதுக்கிவிட்டாள். அந்த ஐந்து நாளில் அவள் என்னைத் தொட்டது அப்போதுதான். ஏகாம்பரம் மயில் கழுத்துப் புடவையை மடித்துக் கொடுத்தார். இரண்டு அட்டைகளையும் வெறுமையாகப் பெட்டியில் வைத்து மூடினேன்.

இது நடந்து ஆறு மாதம் ஆகிறது. லெட்சுமியின் மகள் அந்தப் புடவையில் மணமேடையைச் சுற்றி வந்தபோது அடிக்கு அடி நிறம் மாறியது. ஞாயிற்றுக்கிழமைகளில் புனிதாவிடம் பேசுகிறேன். இரண்டு வாக்கியங்களுக்கு மேல் பேசுகிறோம். காஞ்சிபுரத்தில் இப்போது சித்திரை வெயில். தெருவில் இழுத்துக் கட்டிய பாவு கண் மூடித் திறப்பதற்குள் காய்ந்துவிடுகிறது என்று ஏகாம்பரம் சொல்கிறார். "படம் காஞ்சிடுச்சா?" என்று கேட்டால், "இன்னும் இல்லக்கா" என்கிறாள் புனிதா. "சரி" என்கிறேன்.

கூடத்துச் சுவரில், படம் மாட்டியிருந்த இடத்தில் ஒரு செவ்வகம் மட்டும் மற்ற சுவரைவிட வெள்ளையாக இருக்கிறது. ஒரு நாட்காட்டியையாவது மாட்டக் கூடாதா என்றாள் லெட்சுமி. வேண்டாம் என்றேன். காலை ஏழு மணிக்கு ஜன்னலைத் திறக்கிறேன். பத்து நிமிடம் அங்கேயே நிற்கிறேன். அம்மா அப்பாவுக்கும் முன்பே போய்விட்டாள், பெரியப்பாவும் போய்விட்டார். அப்பா காஞ்சிபுரத்தில் தங்கையோடு இருக்கிறார். இந்த வீட்டில் நான் இருக்கிறேன்.